ஆறு வருஷக் குடை

எங்கள் அண்ணனுக்கு அவருடைய கம்பெனியில் குடை என்று பெயர். "குடை வந்தாச்சா?", "எதுக்கும் குடைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க" என்றுதான் அங்கே பேசிக்கொள்வார்கள். ஒருநாள் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது அடித்த போனை நான் எடுத்தேன். "குடை இருக்காரா?" என்றது ஒரு பெண் குரல். ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். கூப்பிட்டது அவருடைய டைரக்டர் என்பது அவர் தலை துவட்டிக்கொண்டு வந்த பிறகுதான் தெரிந்தது.

அண்ணன் வீடியோ கேம் செய்கிற கம்பெனியில் அனிமேட்டர். கேமுக்குள் வரும் ஆட்கள் நடப்பது, உட்காருவது, தடுக்கி விழுவது எதுவும் தானாக வந்துவிடாது. கை எங்கே போகிறது, இடுப்பு எப்போது திரும்புகிறது என்று யாராவது ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வைத்துத்தர வேண்டும். அதுதான் அவர் வேலை. ஒரு நாற்காலிக் கடைக்கு மேலே மூன்று மாடிகளில் கம்பெனி இருக்கிறது. சுமார் முந்நூறு பேர். எல்லோரும் சேர்ந்து செய்தது ஒரே ஒரு கேம். அதற்கு ஏன் அத்தனை வருஷம் பிடித்தது என்று கேட்காத ஆளே எங்கள் சொந்தத்தில் கிடையாது. அண்ணன் யாருக்கும் சரியாகப் பதில் சொன்னதில்லை. பக்கத்திலிருந்து பார்த்தவள் என்பதால் நான் சொல்கிறேன்.

நாங்கள் எல்லோரும் ஒரே கட்டடம். கீழ்வீட்டில் அப்பாவும் நானும். மாடியில் அண்ணனும் அண்ணியும். அண்ணி ஒரு பெரிய மருந்துக்கடையில் மருந்தாளுநர். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றாலும், எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் லிஃப்ட் நிற்கிற சத்தத்தைக் கேட்டு உதட்டைப் பிதுக்காமல் வரமாட்டார்.

குடை வந்த கதை இது. மழை ஓயாத ஒரு துறைமுக ஊர். காணாமல் போன தம்பியைத் தேடி ஒரு பெண் அங்கே வருகிறாள். கேமின் கதை அவ்வளவுதான். அப்போதிருந்த டைரக்டர் தாடிக்காரர். ஒரு மீட்டிங்கில் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "இவ இவ்வளவு மழையில நனைஞ்சுகிட்டே போறா, பாக்கவே பாவமா இருக்கு. கையில ஒரு குடை குடுத்தா என்ன?" என்றார்.

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள்.

"குடுத்துடலாம் சார். ஒரு வாரத்துல முடிச்சுத் தரேன்" என்றார் அண்ணன்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அங்கேதான். அப்போது அவருக்குக் கல்யாணமாகிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு வாரத்தில் முடித்துவிட்டு அண்ணியோடு கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போவதாகத் திட்டம்.

சொன்னபடி ஒரு வாரத்தில் குடை முடிந்ததும் உண்மைதான். போனில் எடுத்துவந்து காட்டினார். அந்தப் பெண் நடக்கும்போதே குடையை உதறி விரித்தாள். காற்றடித்தால் லேசாகச் சாய்த்தாள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

"நல்லாத்தான் விரியுது. அடுத்தது என்ன?" என்றார்.

அடுத்தது கதவு. அந்த கேமில் வரும் கதவுகளையெல்லாம் கவனித்துக்கொள்வதற்கென்றே ஒரு பெண் இருந்தார். வயதில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் கதவக்கா. அவர் அண்ணனின் மேசைக்கு வந்து நின்றார்.

"தம்பி, உங்க பொண்ணு என் கதவை எந்தக் கையால திறப்பா?"

குடை வலது கையில் இருந்தது. ஊரிலிருந்த கதவுகள் எல்லாம் வலது கையால் திறப்பதற்காகச் செய்யப்பட்டவை. சரி, இடது கையால் திறக்கட்டும் என்றால், விரித்த குடை வாசலுக்குள் நுழையாது. அப்படியானால் வாசலில் நின்று மடக்க வேண்டும். பின்னால் ஒருவன் துரத்திக்கொண்டு வரும்போது எந்தப் பெண் நிதானமாக நின்று குடை மடக்குவாள்? ஓடிக்கொண்டே மடக்க வேண்டும். மடக்கிய குடையிலிருந்து தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டினால் தரை நனைய வேண்டும். உள்ளே போனதும் குடையை எங்காவது சாத்திவைக்க வேண்டும். சாத்திவைத்துவிட்டு வேறு வாசல் வழியாக வெளியே போனால் குடைக்கு என்ன செய்வாள்? கதவக்கா ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கக் கேட்க, அண்ணனுடைய கடற்கரை ஊர் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது.

கதவோடு விட்டதா என்றால் இல்லை. விளையாடுகிறவர் அந்தப் பெண்ணை முதுகுப் பக்கத்திலிருந்து பார்ப்பார். குடை விரிந்ததும் பாதித் திரை மறைந்துபோனது. கேமரா வேலை பார்க்கிறவர் வந்து, "குடை நல்லாத் தெரியுது. ஊரைத்தான் காணோம்" என்றார். மழை வேலை பார்த்தவரோ, குடைக்கு அடியில் மழை பெய்யக் கூடாது என்பது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். கதாநாயகி மட்டும் குடை பிடித்தால், ஊரிலிருக்கும் மற்றவர்கள் என்ன பைத்தியங்களா? அவர்களுக்கும் குடை வந்தது. குறுகலான தெருவில் குடையும் குடையும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நின்றன. எதிரே ஆள் வந்தால் நாம் குடையை ஒரு பக்கம் தூக்கிக்கொள்வோம் இல்லையா? அதை ஊரிலிருக்கும் அத்தனை பேருக்கும் சொல்லித்தர வேண்டியிருந்தது.

சத்தத்துக்குப் பொறுப்பான மனிதர் யாரோடும் அதிகம் பேசமாட்டார். அவர் பத்துப் பன்னிரண்டு குடை வாங்கி, தன் வீட்டுக் குளியலறையில் ஷவரைத் திறந்துவிட்டு, ஒவ்வொன்றாக விரித்துப் பதிவு செய்தார். துணிக் குடைமேல் விழும் மழை ஒரு மாதிரி, பிளாஸ்டிக் குடைமேல் வேறு மாதிரி. ஓட்டுக் கூரையடியிலிருந்து வெளியே அடி வைக்கும் நொடியில் முதல் சத்தம் போய் அடுத்த சத்தம் வர வேண்டும் என்பார். அவருடைய மனைவி இரண்டு வாரம் அவசர அவசரமாகக் குளித்ததாக அண்ணன் வந்து சொன்னார்.

அண்ணனும் சும்மா இருக்கவில்லை. மழை வந்தால் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றுவிடுவார். யார் எப்படிக் குடை பிடிக்கிறார்கள் என்று பார்ப்பாராம். ஒருநாள் தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட வந்து நின்றார். கக்கத்தில் குடை இருந்தது. மடக்கியபடியே இருந்தது.

"குடை வேலை பாக்குற ஆளு நனைஞ்சுகிட்டு வந்து நிக்குது, பாருங்க மாமா" என்றாள் அண்ணி அப்பாவிடம்.

"பாத்துக்கிட்டிருந்தேனா, விரிக்க மறந்துட்டேன்" என்றார் அண்ணன்.

சொந்தக்காரர்களுக்கு இதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அத்தை வெகுநாள் வரைக்கும் அண்ணன் குடைக் கம்பெனியில்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். "மடக்குற மாதிரி, பைக்குள்ள வைக்கிற மாதிரி எனக்கொண்ணு எடுத்து வைப்பா" என்று போன் செய்வாள். அண்ணன் கடைசியில் கடையில் ஒன்று வாங்கிக்கொடுத்துவிட்டார். "உங்க கம்பெனிக் குடை நல்லா உழைக்குது" என்று இன்றைக்கும் சொல்கிறாள்.

அப்பாவின் கிண்டல் வேறு வகை. "லிஃப்ட் நின்னுபோச்சுன்னு கூப்பிடுவாங்க. உள்ள ஆள் மாட்டிக்கிட்டு இருப்பாங்க. இருங்க, ரெண்டு வருஷத்துல வந்துடறேன்னு சொல்ல முடியுமா?"

"நீங்க ஓடுற லிஃப்டைச் சரி பண்ணினீங்க அப்பா. நாங்க கட்டடம் கட்டும்போதே லிஃப்ட் ஓடிக்கிட்டிருக்கு. மாடி எத்தனைன்னே இன்னும் முடிவாகல" என்றார் அண்ணன்.

அப்பாவுக்கு அது புரிந்ததா தெரியவில்லை. 

அண்ணன் சொன்னது உண்மைதான் என்று இரண்டாம் வருஷத்தில் தெரிந்தது. கேம் ஓடுவதற்கு அடியில் ஒரு பெரிய மென்பொருள் இருக்கும். எஞ்சின் என்பார்கள். அதன் புதுப் பதிப்பு வந்தது. பழையதிலேயே இருந்தால், கேம் வெளிவரும்போது பார்க்கப் பத்து வருஷத்துக்கு முந்தியது மாதிரி இருக்கும் என்றார்கள். மாற்றினார்கள். மாற்றிய அன்று ஊரிலிருந்த குடைகள் எல்லாம் தலைகீழாக விரிந்தன. கதவுகள் திறக்கவே இல்லை. பழையபடி கொண்டுவந்து நிறுத்தவே மாதக்கணக்கில் ஆனது. அந்த நாட்களில்தான் பாப்பா பிறந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் அவளை மடியில் வைத்துக்கொண்டு, அவள் விரல்களை மடக்கி மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னண்ணா பாக்குற?" என்றேன். "எதையும் இன்னும் பிடிச்சதே இல்லாத கை" என்றார்.

பாப்பாவுக்கு ஒரு வயது முடிந்த சமயம், ஒருநாள் பட்டப்பகலில் அண்ணன் வீட்டுக்கு வந்தார். அந்த நேரத்தில் வருகிறவர் இல்லை. அப்பாதான் கதவைத் திறந்தார்.

"என்னடா, உடம்பு சரியில்லையா?"

"குடை போயிடுச்சு அப்பா."

"எங்க போச்சு? பஸ்ஸுல விட்டுட்டியா?"

"கேம்லருந்து எடுத்துட்டாங்க."

நடந்தது என்னவென்றால், அதுவரை ஒவ்வொருவரும் தன் தன் துண்டைச் செய்துகொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் ஒன்று சேர்த்து, முதலிலிருந்து கடைசிவரை ஒருவர் உட்கார்ந்து விளையாடிப் பார்க்கிற நிலை அப்போதுதான் வந்தது. பார்த்தார்கள். நன்றாக இல்லை. மழை அழகாக இருந்தது, தெரு அழகாக இருந்தது, குடை அழகாக இருந்தது. விளையாடத்தான் சலிப்பாக இருந்தது. சமைக்கும்போது நாக்கில் ஒரு சொட்டு வைத்து உப்புப் பார்ப்போம். இங்கே அந்த ஒரு சொட்டு கிடைப்பதற்கே மூன்று வருஷம் ஆகிவிட்டது. தாடிக்காரர் வேலையை விட்டுப் போனார். புது டைரக்டராக ஒரு அம்மா வந்தார். கட்டையாக முடி வெட்டியிருப்பார். நிதானமாகப் பேசுவார். வந்த வேகத்தில் பாதி கேமைத் தூக்கிப்போட்டார். சண்டையை அதிகமாக்கப் போகிறோம், இரண்டு கையும் வேண்டும், குடை வேண்டாம் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

அப்பா அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை. "உக்காரு, டீ போடறேன்" என்றார். அண்ணன் டீயைக் குடித்துவிட்டு மாடிக்குப் போய், மருந்துக்கடையிலிருந்து அண்ணி வருகிறவரைக்கும் பாப்பாவோடு தரையில் படுத்துக் கிடந்தார்.

பிறகு சில மாதம் சண்டை செய்தார். ஒருவன் அடிப்பது, ஒருவன் விழுவது, விழுந்தவன் எழுந்திருப்பது. "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "வேலை நடக்குது" என்பார். அதற்குமேல் பிடிகொடுக்கமாட்டார்.

குடை திரும்பி வந்தது ஒரு தப்பினால். நடு மாடியில் ஒரு அறை இருக்கிறது. வெளியாட்களை வரவழைத்து அங்கே விளையாட விட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று இவர்கள் பார்ப்பார்கள். உதவி செய்யக் கூடாது, எதுவும் சொல்லித்தரக் கூடாது. அன்று யாரோ தவறுதலாகப் பழைய பதிப்பைப் போட்டுவிட்டார்கள், குடை இருந்த பதிப்பை. விளையாட வந்தவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒரு அம்மா. அதைப் பாதியில் நிறுத்த வேண்டாம், போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

கதையில் ஒரு டிராம் நிறுத்தம் வரும். அங்கே பெஞ்சில் ஒரு கிழவர் நனைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஒரு வேலையும் இல்லை, பேசமாட்டார், சும்மா கூட்டத்தில் ஒருத்தர். எல்லோருக்கும் குடை கொடுத்தால் கம்ப்யூட்டர் தாங்காது என்று இவர் மாதிரிச் சிலரைக் குடையில்லாமல் விட்டிருந்தார்கள். வேன் அம்மா அந்தப் பெண்ணைக் கொண்டுபோய்க் கிழவர் பக்கத்தில் நிறுத்தினார். இன்னும் கொஞ்சம் நெருக்கினார். குடையின் விளிம்பு கிழவரின் தலைக்குள் புகுந்தது. பின்னால் வந்து, வேறு பக்கமாக நின்று பார்த்தார். மறுபடி நெருக்கினார். தேடி வந்த தம்பியை அவர் மறந்தே போய்விட்டார். 

முடிந்ததும் டைரக்டர் உள்ளே போய்க் கேட்டார். "அந்த இடத்துல என்ன பண்ண நினைச்சீங்க?"

"பெரியவர் நனையுறாரேன்னு இருந்துச்சு. கொஞ்சம் பிடிக்கலாம்னு பாத்தேன். எப்படின்னு தெரியல. அது எந்தப் பட்டன்?"

அப்படி ஒரு பட்டன் கிடையாது. டைரக்டர் வெளியே வந்து நேராக அண்ணனிடம் போனார். "அந்தப் பட்டன் வேணும்" என்றார்.

கேமே அதற்குப் பிறகு மாறிவிட்டது. சண்டை பெரும்பாலும் போனது. மழையில் நிற்கிறவர்களோடு குடையைப் பகிர்ந்து, அவர்கள் போக வேண்டிய இடம்வரை கூட்டிப்போக வேண்டும். போகிற வழியில் பேசிக்கொண்டு வருவார்கள். அந்தப் பேச்சிலிருந்துதான் தம்பியைப் பற்றித் துண்டு துண்டாகத் தெரியவரும். கேட்க எவ்வளவு எளிது. ஆனால் அந்த நடைக்குத் தகுந்த நீளத்துக்குப் பேச்சு எழுத வேண்டும். எழுதியதைப் பேசுவதற்கு நடிகர்களை மறுபடி அழைக்க வேண்டும். பேச்சு நீண்டுபோன இடத்தில் தெருவை நீட்ட வேண்டும். தெருவை நீட்டினால் இரண்டு பக்கமும் வீடு வேண்டும், வீட்டுக்குக் கதவு வேண்டும். கதவக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். வெறும் ஒரு பட்டன்தான், அது ஊரையே பெயர்த்து வேறு இடத்தில் வைத்தது.

இரண்டு பேர் ஒரு குடையில் எப்படி நடப்பார்கள் என்று பார்க்க, அண்ணன் எங்களைப் பிடித்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கீழ்வீட்டு நடைவழியில் அப்பாவையும் என்னையும் ஒரே குடைக்குள் நிறுத்தி, போனில் படம் பிடித்தார்.

"இயல்பா நடங்க."

"வீட்டுக்குள்ள குடை பிடிச்சுக்கிட்டு என்னடா இயல்பா நடக்கிறது?" என்றார் அப்பா.

மாடியில் அண்ணனுக்கு எதிர்வீட்டுக்காரர் படியில் இறங்கி வந்தவர், எங்களைப் பார்த்து, கூரையைப் பார்த்து, மறுபடி எங்களைப் பார்த்தார். "ஒழுகுதா?" என்றார்.

"இல்லைங்க, பையன் வேலை" என்றார் அப்பா. எதிர்வீட்டுக்காரர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

நாங்கள் நடைவழியை நாலைந்து முறை அளந்தோம். அண்ணன் போனையே உற்றுப் பார்த்தார்.

"அப்பா, நீங்க குடையை அவ பக்கமா சாய்க்கிறீங்க."

"நான் ஒண்ணும் சாய்க்கல."

"வீடியோல இருக்குப்பா. உங்க தோள் முழுசா வெளியில நிக்குது."

"கை வலிக்குது. அதனால சாயுது" என்று குடையை மடக்கி அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, அப்பா நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்தச் சாய்வை அண்ணன் கேமில் வைத்தார். சும்மா வைக்க முடிந்ததா? அந்தப் பெண் உயரமான ஆளோடு போனால் கை மேலே போக வேண்டும். குழந்தையோடு போனால் அவள் குனிய வேண்டும். அவசரக்காரனோடு போனால் பாதி ஓட்டம். கிழவரோடு போனால் அவர் மூச்சு வாங்க நிற்கும்போது அவளும் நிற்க வேண்டும், நிற்கிறோம் என்று காட்டிக்கொள்ளாமல். கிழவர் ஒருத்தருக்கு மட்டும் அண்ணன் ஒரு மழைக்காலம் முழுக்கச் செலவழித்தார்.

அண்ணி பொறுமைசாலி. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து தேறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே வந்தாள். அண்ணன் எங்கள் மேசையில் லேப்டாப்போடு இருந்தார்.

"எனக்கு உங்க குடைமேல ஒரு கோவமும் இல்ல" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "அந்தக் கிழவர் எத்தனை அடிக்கு ஒரு தரம் மூச்சு வாங்குவார்னு உங்களுக்குத் தெரியும். இவளுக்கு எந்த மருந்தை எத்தனை மணிக்குக் குடுக்கணும்னு தெரியுமா?"

அண்ணன் பாப்பாவைப் பார்த்தார். "தெரியாது" என்றார்.

"அதான்" என்று அண்ணி சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். அண்ணன் லேப்டாப்பை மூடிவிட்டு அவள் பின்னாலேயே போனார்.

மறுநாள் டைரக்டரிடம் பேசியிருக்கிறார். அவருக்கு முன்னாலேயே கதவக்கா பேசியிருந்தார். இன்னும் நிறையப் பேர் வீட்டிலும் இதே பேச்சு நடந்துகொண்டிருந்ததாம். டைரக்டர் மேலிடத்தில் மல்லுக்கட்டி, ஆறு மணிக்குமேல் யாரும் இருக்கக் கூடாது என்று கொண்டுவந்தார். அதனால் வெளியீட்டுத் தேதி தள்ளிப்போனது. ஊர் உலகம் வைதது. தாமதத்தில் ஒரு பங்கு, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அண்ணன் வந்து உட்கார்ந்ததற்கான பங்கு என்பது எனக்குத் தெரியும். அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

வைதவர்களில் எங்கள் தெரு முடிதிருத்துகிறவரும் ஒருவர். அண்ணன் என்ன வேலை பார்க்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. கழுத்தில் துணியைக் கட்டிவிட்டு ஆரம்பித்தார்.

"ஏதோ மழை கேமாம் சார். என் பையன் வருஷக்கணக்கா காத்துக்கிட்டிருக்கான். மறுபடி தள்ளி வெச்சுட்டாங்களாம். அங்க என்னதான் பண்றாங்க, தூங்குறாங்களா?"

"இப்பதான் கொஞ்சம் தூங்க ஆரம்பிச்சிருக்காங்க போல" என்றாராம் அண்ணன்.

கடைசி வருஷம் முழுக்கப் பிழை பிடிக்கிற வருஷம். பக் என்பார்கள். விளையாடிப் பார்த்துத் தப்புக் கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருந்தது. மனிதர் செய்யாத காரியமெல்லாம் செய்து பார்ப்பார்கள். டிராமில் ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி, அதே நேரத்தில் குடையை மடக்கினால் குடை மட்டும் வண்டியோடு போய்விடும். இரண்டு கிழவர்களை ஒரே நேரத்தில் கூப்பிட்டால் ஒருவர் இன்னொருவருக்குள் நடப்பார். ஒன்றைச் சரிசெய்தால் வேறு எங்கோ ஒன்று கெடும். குடையைத் தொட்டால் கதவு கெட்டது. கதவைத் தொட்டால், என்ன காரணமோ, மீன் கடைக்காரரின் தொப்பி காணாமல் போனது.

குடும்பத்தார் வந்து பார்க்கும் நாள் என்று ஒன்று வைத்தார்கள். பாப்பாவுக்கு அப்போது நாலு வயதுக்குமேல். அண்ணன் மேசையில் உட்கார்ந்து பட்டன்களைக் கண்டபடி அமுக்கினாள். அந்தப் பெண் ஒரு கூரையிலிருந்து குதித்தாள். குதித்தவள் கீழே வரவில்லை. குடையைப் பிடித்தபடி ஆடாமல் அசையாமல் மேலே மேலே போனாள், கப்பல்களையெல்லாம் தாண்டி. பாப்பா சிரித்த சிரிப்பில் அந்த மாடியே திரும்பிப் பார்த்தது. விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள்.

"அப்பா, இதை அப்படியே விட்டுடு."

"விட்டா அவ தம்பியை யாரு கண்டுபிடிக்கிறது?"

"அவன் மேலதான் இருக்கான்" என்றாள் பாப்பா. பக்கத்தில் நின்ற டைரக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் மறுநாள் அதைச் சரிசெய்துவிட்டார். ஆனால் சரிசெய்வதற்கு முன்னால், அவள் பறப்பதைப் படம் பிடித்துப் பாப்பாவுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த வீடியோ தேய்கிற வரைக்கும் அவள் பார்த்தாள்.

ஒருவழியாக கேம் வெளிவந்தது. அண்ணன் தானாக எங்களுக்குப் போட்டுக் காட்டவில்லை. நான்தான் கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குக் கை வராது. ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போவதற்குள் இரண்டு தடவை துறைமுகத் தண்ணீரில் விழுந்தேன். அப்பா பக்கத்து நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார், பரீட்சை எழுதிவிட்டு வந்தவர் மாதிரி.

டிராம் நிறுத்தத்தில் கிழவர் இருந்தார். பட்டனை அமுக்கினேன். கிழவர் எழுந்து குடைக்குள் வந்தார். இரண்டு பேரும் மேட்டுத் தெருவில் மெதுவாக நடந்தார்கள். நடுவில் அவர் நின்றார், அவளும் நின்றாள். அவள் தோள் நனைவதை நான் கவனிக்கக்கூட இல்லை. கிழவர் தன் மனைவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்ததில் மூழ்கிவிட்டேன். அவரை வீட்டில் விட்டுவிட்டு அவளும் உள்ளே போனாள். வாசலில் குடையை மடக்கி, எங்களைப் பார்த்து இரண்டு உதறு உதறினாள்.

அப்பா காலைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டார்.

அண்ணன் அதைப் பார்த்துவிட்டார்.  சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார்.

அண்ணி மட்டும் எங்களோடு உட்காரவில்லை. "எனக்கு அந்த கேமைப் பாக்கவே அலுப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டாள். சில வாரம் கழித்து, இரண்டு பேரும் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது என்னிடம் சொன்னாள். வேலையில்லாத நாட்களில், பாப்பா பள்ளிக்கூடம் போன பிறகு, தனியாக உட்கார்ந்து முழு கேமையும் முடித்துவிட்டாளாம்.

"அழுதீங்களா அண்ணி?"

"ஒரு இடத்துல."

"குடையிலயா?"

"இல்ல. கடைசியில மழை நிக்கும் பாரு. கூரையிலருந்து சொட்டிக்கிட்டு இருக்கும், அப்புறம் அதுவும் நிக்கும். அங்க." துணியை மடித்துத் தோளில் போட்டாள். "அவர்கிட்ட சொல்லாத. குடைக்கு அழலேன்னு நினைச்சுக்குவார்."

நான் சொல்லிவிட்டேன். இந்த மாதிரி விஷயம் என் வயிற்றில் நிற்காது. அண்ணன் கோபப்படவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. உடனே போனை எடுத்து, அந்தச் சத்தக்காரரைக் கூப்பிட்டார். மழை நிற்கிற அந்தச் சத்தத்தைப் பல மாதம் வைத்துக்கொண்டு, போதவில்லை போதவில்லை என்று எல்லோரிடமும் பேச்சு வாங்கியவர் அவர்.

"என் வீட்டுக்காரம்மா கடைசியில மழை நின்ன இடத்துல அழுதாங்களாம்" என்றார் அண்ணன்.

 ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது.

"சொட்டுறப்பவா, சொட்டு நின்னப்புறமா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "நின்னப்புறம்" என்றேன் நான்.

"நின்னப்புறமாம்" என்றார் அண்ணன்.

"சரி" என்றார் அவர். "அவங்களுக்கு என் நன்றியைச் சொல்லு."